இலக்கத் துண்டு போதாது, நேரத்தைச் சொல்லுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஸ்கேன் பரிசோதனை செய்யும் தனியார் வைத்தியசாலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் இயந்திரங்களைப் பற்றியோ, அவற்றைக் கையாளும் வைத்தியர்களைப் பற்றியோ எனக்கு முறைப்பாடு எதுவும் இல்லை. போதனா வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைப்பதை, நாள் தள்ளிப்போகிறதே என்ற பதற்றத்தில் உங்களிடம் காசு கொடுத்துச் செய்ய வருகிறார்கள். வந்தவர்களை நீங்கள் காக்கவைக்கும் விதத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

பதியும்போது ஓர் இலக்கத் துண்டைக் கொடுத்து, “நான்கு மணிக்கு வாருங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்” என்கிறீர்கள். முதலாம் இலக்கத்துக்கும் நான்கு மணி, முப்பதாம் இலக்கத்துக்கும் நான்கு மணி. வைத்தியரோ அரச வைத்தியசாலைக் கடமையை முடித்துக்கொண்டு வரவேண்டியவர். அங்கே விபத்தில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்தால் நான்கு மணி ஐந்தரை ஆகும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆகத்தான் வேண்டும். ஆனால் இங்கே கதிரைகளில் வரிசையாக இருப்பவர்களின் சலப்பைக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை.

அண்மையில் உறவுக்காரப் பிள்ளை ஒருத்திக்குத் துணையாகப் போயிருந்தேன். தலைப்பிள்ளை, இரண்டு மாதம். சொன்னபடி வீட்டிலேயே ஒரு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தாள். முதலில் கலகலப்பாகக் கதைத்தாள். பிறகு கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை. கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இலக்கப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் ஒன்பது. அவளுடையது இருபத்திரண்டு. கருமபீடத்தில் போய்க் கேட்டால், “போய்விட்டு வந்தால் திரும்பவும் தண்ணீர் குடித்து ஒரு மணித்தியாலம் இருக்க வேண்டும் அக்கா” என்றது அங்கிருந்த பிள்ளை. மலசலகூடத்தின் திறப்பு, ஒரு மரத்துண்டில் கட்டி, காசு வாங்கும் இடத்தில் தொங்குகிறது. பத்து ஆண்கள் பார்த்திருக்க அதைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினாள். திரும்பி வந்து மறுபடியும் போத்தலைத் திறந்தாள். அவளுடைய இலக்கம் கடைசிக்குத் தள்ளப்பட்டது.

நான் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வுபெற்றவள். தண்ணீர் குடிக்கச் சொல்வது ஏன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். இந்த ஸ்கேன் ஒலி அலையால் பார்ப்பது. ஒலி அலைக்குக் காற்றுத்தான் எதிரி. வயிற்றில் ஜெல் பூசுவதே கருவிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று நிற்காமல் இருக்கத்தான். குடலுக்குள் இருக்கும் காற்றை ஜெல் என்ன செய்யும்? நிரம்பிய சலப்பை குடலை ஒதுக்கித் தள்ளுகிறது, அதில் உள்ள நீரினூடாக அலை தடையின்றிப் போகிறது, பின்னால் இருக்கும் கருப்பை தெளிவாகத் தெரிகிறது. கர்ப்பிணிகளை ஒலி அலையால் பரிசோதித்து 1958இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிய கிளாஸ்கோ வைத்தியர் இயன் டொனால்ட் காலத்திலிருந்து வரும் உபாயம் இது. நல்ல உபாயம்தான். ஆனால் அளவு கடந்து நிரம்பினால் அதே சலப்பை கருப்பையை நசுக்கி உருமாற்றும். சிறுநீரகங்கள்கூடச் சற்று வீங்கியதுபோலத் தோன்றலாம். மணிக்கணக்கில் அடக்கிவைத்தவரைக் கட்டிலில் ஏற்றியபிறகு, “கொஞ்சம் போய்விட்டு வாருங்கள்” என்று வைத்தியரே திருப்பி அனுப்பும் கூத்தும் நடக்கிறது.

இதைவிடக் கொடுமை, எல்லாருக்கும் ஒரே கட்டளை. ஐந்தாம் மாதத்தில் பிள்ளையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனுக்குப் பொதுவாகச் சலப்பை நிரம்பியிருக்கத் தேவையில்லை. பிள்ளையைச் சுற்றிப் பனிக்குட நீர் இருக்கிறது. யோனி வழியாகச் செய்யும் பரிசோதனைக்கோ சலப்பை வெறுமையாக இருக்க வேண்டும். கழுத்துக்கும் மார்புக்கும் எதுவுமே வேண்டாம். கழுத்துக் கட்டியைக் காட்ட வந்த முதியவர் ஒருவர் போத்தலும் கையுமாக இருந்ததை நான் பார்த்தேன். யாரோ குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், அவரும் குடித்துக்கொண்டிருக்கிறார்.

பித்தப்பை பார்க்க வருகிறவர்களின் பாடு வேறு. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் மறைந்துவிடலாம். ஆகவே ஆறு, எட்டு மணித்தியாலம் வெறும் வயிறு. காலையில் செய்தால் இரவு உறக்கத்திலேயே அது கழிந்துவிடும். நீங்கள் மாலையில் வைக்கிறீர்கள். நீரிழிவுக்காரர் காலையில் மாத்திரையையும் போட்டுவிட்டு, மதியச் சோறும் இல்லாமல், வெயிலில் பஸ் ஏறி வந்து ஆறரை மணிவரை இருந்தால் சீனி இறங்கி மயங்கி விழாமல் என்ன செய்வார்? புங்குடுதீவுக்கோ ஊர்காவற்றுறைக்கோ திரும்ப வேண்டியவருக்குக் கடைசி பஸ் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. நெடுந்தீவிலிருந்து வந்தவருக்கு அன்று படகே இல்லை. இரவு தங்க ஓர் உறவினர் வீட்டையும் தேட வேண்டும்.

நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. முப்பது பேருக்கு ஒரே நேரத்தைச் சொல்லாமல், அரை மணித்தியாலத்துக்கு இத்தனை பேர் என்று பிரித்துச் சொல்லுங்கள். இலக்கத் துண்டின் பின்பக்கம் வெறுமையாகத்தானே கிடக்கிறது? எந்தப் பரிசோதனைக்கு என்ன ஆயத்தம் என்பதைத் தமிழில் அச்சிட்டு, உரியதற்கு நேரே ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். வழக்கமான மருந்துகளைப் பற்றி வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளும்படியும் அதில் ஒரு வரி இருக்கட்டும். வெறும் வயிற்றோடு வரும் நீரிழிவு நோயாளரை இலக்கம் பாராமல் முதலில் அழையுங்கள். காரணத்தைச் சொன்னால் மற்றவர்கள் சண்டைக்கு வரமாட்டார்கள், நம்முடைய சனம் அவ்வளவு பொல்லாதது அல்ல. மலசலகூடத் திறப்பைக் கதவிலேயே விட்டுவிடுங்கள்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பெற்ற சான்றிதழைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டுகிறீர்கள். அதற்குப் பக்கத்தில், வைத்தியர் இன்று எத்தனை மணிக்குத் தொடங்குவார் என்று எழுதி அழிக்க ஒரு சின்னப் பலகையும் மாட்டலாம்.

ஆள் போதாது என்று சொல்லாதீர்கள். பதியும்போதே எல்லாருடைய தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிவிடுகிறீர்கள். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் செய்தி தவறாமல் வருகிறது. வைத்தியர் கடமை முடிந்து புறப்படும்போது, “இப்போது தண்ணீர் குடிக்கத் தொடங்கலாம்” என்று அதே இலக்கத்துக்கு இன்னொரு செய்தி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர் ஒருவர்
யாழ்ப்பாணம்