போகிக்குப் போடாத பலகை

செங்கல்பட்டு
12.1.2025

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல்.

பொங்கலுக்கு வர முடியவில்லை என்று மெசேஜ் போட்டிருந்தாய். பரவாயில்லை. வேலை இருக்கும். அம்மாவிடம் ஆடிட் நேரம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஜனவரியில் என்ன ஆடிட் என்று மாமா கேட்டார். கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்று சொல்லிவிட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு.

போன் எடுப்பதில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. போனில் பேசினால் நான் பாதியில் வேறு எதையாவது பேசிவிடுவேன், அது உனக்கே தெரியும். உன்னோடு ரூமில் இருந்த பையன் போன வாரம் அவன் அம்மாவின் மிக்சியை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். அவனாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அக்டோபரிலேயே நீ ரூம் மாறிவிட்டாய் என்றதால் புது விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன். மிக்சிக்குக் காசு வாங்கவில்லை. கார்பன் பிரஷ்தான் தேய்ந்திருந்தது.

புனேயில் குளிர் அதிகமாமே. அந்தக் கம்பளி இருக்கிறதா, இல்லை ரூம் மாறும்போது விட்டுவிட்டாயா? இல்லையென்றால் சொல்.

நாளை போகி. அம்மா மூன்று நாளாகப் பரணைக் காலி செய்கிறாள். நான்தான் ஏணியில். தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் பழைய போர்வை சுற்றி உன்னுடைய டான்ஸ் பேட் இருந்தது, திரையில் வரும் அம்பைப் பார்த்துத் தாளத்துக்குக் காலால் மிதித்து ஆடுவாயே, அந்தப் பலகை. அம்மா இதையும் போகிக்குப் போட்டுவிடலாம் என்றாள். ப்ளைவுட் நன்றாக எரியும் என்றாள். நான் வேண்டாம் என்று கீழே இறக்கி, துடைத்து, ஹாலில் போட்டேன். 33 அங்குலத்துக்கு 33 அங்குலம். ஹாலில் பாதியை இன்னும் அதே மாதிரி அடைத்துக்கொள்கிறது.

நீ அதைச் செய்தது 2010 கோடை விடுமுறையில். பதினொன்றாவது முடிந்திருந்தது. நம் பழைய கட்டிலின் 12 மி.மீ. ப்ளைவுட்டைக் கேட்காமலேயே அறுத்துவிட்டாய் என்று பாட்டி இரண்டு நாள் புலம்பினாள். போர்டு எழுதும் கடையில் மிச்சமாகிக் கிடந்த அலுமினியத் தகட்டைக் கெஞ்சி வாங்கி வந்தாய். ஒன்பது கட்டம், 11 அங்குலக் கட்டம், அதில் நாலில் மட்டும் அம்பு. ஜப்பான் மெஷினில் நாலு அம்பு, நேராக இருக்கும். கொரியா மெஷினில் ஐந்து, நாலு மூலையிலும் நடுவிலும் இருக்கும், நான் செய்வது ஜப்பான் மாதிரி என்று சொல்லிக்கொண்டே அளந்தாய். 1998இல் கொனாமி கம்பெனி அந்த மெஷினைக் கொண்டுவந்த கதையெல்லாம் சோறு தின்னும்போது சொல்வாய். சென்னையில் ஒரு மாலில் ஒரே ஒரு முறை ஐம்பது ரூபாய்க்கு ஆடியதற்கு இவ்வளவா என்று எனக்கு அப்போது கோபம்தான். கோபத்தோடு பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை சொன்னதில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய அந்த யுஎஸ்பி கேம்பேடைப் பிரித்து, போர்டை மட்டும் எடுத்து ஒயர் சால்டர் செய்ய உட்கார்ந்தாயே, அன்றைக்கு நான் அம்பு பட்டனிலேயே நாலு ஒயரையும் வையடா, சுலபம் என்றேன். நீ மாட்டேன் என்றாய். "அப்பா, கையால ஆடும்போது இடதும் வலதும் ஒரே நேரத்துல யாரும் அழுத்த மாட்டாங்க. அழுத்தினாலும் அந்த போர்டு ரெண்டையும் ஒண்ணுக்கொண்ணு கழிச்சிடும். ஆனா கால்ல குதிக்கும்போது ரெண்டும் சேர்ந்து விழணும். அதனால 1, 2, 3, 4 பட்டன்லதான் வைக்கணும்" என்றாய். அப்போது எனக்குக் கடையில் இருபத்தி ஆறு வருஷ அனுபவம். அது எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் கடையில் வந்தவர்களிடமெல்லாம் என் பையன் இப்படிச் சொன்னான் என்று சொன்னேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று நினைத்தேன்.

அதே மாதிரிதான் அந்தப் பிக்சர் டியூப் மானிட்டர் விஷயமும். புது எல்சிடி வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாய். எல்சிடி டிவி படத்தை வாங்கி, உள்ளே சரிபண்ணி, பிறகுதான் காட்டும். அதற்குள் தாளம் தாண்டிவிடும். அம்பு மேலே வரும்போது கால் விழுந்தால்தான் கணக்கு என்றாய். இப்போதும் கேம் ஆடும் பிள்ளைகள் டிவி கொண்டுவந்தால் செட்டிங்கில் கேம் மோடில் போடுங்கள் என்று நான் சொல்வது நீ சொல்லிக்கொடுத்ததுதான்.

சாப்பிடுகிறாயா? ஓட்டல் எண்ணெய் உனக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மா எலுமிச்சை ஊறுகாய் போட்டிருக்கிறாள், இதோடு அனுப்ப முடியாது, தனியாகக் கூரியர் போடுகிறேன். வாங்கி வைத்துக்கொள். வீட்டில் ஆள் இல்லையென்று திருப்பி அனுப்பிவிடப் போகிறான். பகலில் வீட்டில் இருந்தால் பரவாயில்லை. இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

பேடைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஸ்பாஞ்சு டேப் எல்லாம் தூளாகக் கொட்டியது. அலுமினியம் வெளுத்துப்போயிருக்கிறது. ஆனால் தகட்டுப் பக்கம் நீ வைத்த எட்டு ஜாயிண்டும் அப்படியே இருக்கின்றன. அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது என்று தெரிந்து, ஒவ்வொன்றுக்கும் சின்ன ஸ்க்ரூ, வாஷர் போட்டு, பித்தளை டேக் வைத்து, அந்த டேக்கில் சால்டர் செய்திருக்கிறாய். பதினேழு வயதில். மீட்டர் வைத்துப் பார்த்தேன். எட்டும் பீப் அடித்தன. சரியாகப் பிடிக்காத டிரை சால்டர் ஒன்றுகூட இல்லை. பதினாலு வருஷம் கழித்தும் பளபளப்பு போகவில்லை.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். மேலே எழுதியதெல்லாம் இதைத் தள்ளிப்போடத்தான்.

2011 ஜனவரி. அரையாண்டுப் பரீட்சையில் இயற்பியலில் 200க்கு 71. நீ ராத்திரி பத்து மணிக்கும் தொம் தொம் என்று ஆடிக்கொண்டிருந்தாய். கீழ் வீட்டுக்காரர் இரண்டு தரம் வந்து சொல்லிவிட்டார். பேடை எடுத்து வைக்கச் சொன்னால் உனக்கும் எனக்கும் சண்டை வரும், அம்மா அழுவாள். பொங்கல் முடிந்த ஒரு ராத்திரி நீ தூங்கிய பிறகு அதைத் திருப்பிப் போட்டு போர்டு இருக்கும் பெட்டியைத் திறந்தேன். நாலு அம்புக்கும் பொதுவாக ஒரே ஒரு கறுப்பு ஒயர், கிரவுண்ட். அது போனால் எதுவும் வேலை செய்யாது. ஒயரை மூடியிருந்த ஸ்லீவைப் பின்னால் தள்ளி, நிப்பரால் கறுப்பு ஒயரைத் துண்டித்து, மறுபடி ஸ்லீவை அதன்மேல் இழுத்துவிட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் முழுசாகத்தான் தெரியும். தெரியக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன்.

நீ மூன்று ராத்திரி தேடினாய். ஒரு கோளாறு என்றால் நாலு அம்பும் சேர்ந்து ஏன் போக வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கும். கிரவுண்டைத்தான் பார்த்திருப்பாய். பார்த்தாலும் ஒயர் முழுசாக இருக்கிறதே. அதனால் போர்டில் உன் சால்டர்மேல்தான் சந்தேகம் வந்தது. நாலையும் திரும்பத் திரும்பச் சூடாக்கி, இரண்டு இடத்தில் போர்டின் தாமிரமே கழன்று வந்துவிட்டது. நாலாம் நாள் போர்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கடைக்கு எடுத்து வந்தாய். எங்க தப்புன்னு பாருங்கப்பா என்றாய்.

நான் மீட்டரை வைத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். பிறகு சொன்னேன். "கை சுத்தமில்லடா. சால்டரிங் எல்லாருக்கும் வராது."

இந்த வாக்கியத்தை நான் என்ன ஜன்மத்தில் திருப்பி எடுப்பேன்.

பேட் நின்றால் படிப்பாய் என்று நினைத்தேன். படிக்கவும் செய்தாய், பரீட்சையில் பாஸும் செய்தாய். ஆனால் இசிஇ சேர்வதாக ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், மே மாதம் பி.காம். ஃபார்ம் வாங்கி வந்தாய். ஏன் என்று கேட்டதற்கு, எனக்குக் கை வராதுப்பா என்றாய். கணக்குப் பையன், அவன் இஷ்டம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். கடைக்கு நீ வருவதும் அன்றோடு நின்றது. அயர்னைக்கூட நீ அதற்குப் பிறகு தொட்டதில்லை. சால்டரிங் அயர்னைச் சொல்கிறேன்.

நீயும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்டிருக்கலாம். மீட்டரை என் கையிலிருந்து பிடுங்கிப் பார்த்திருக்கலாம். நீ கேட்கமாட்டாய். எது நடந்தாலும் வாயை மூடிக்கொண்டு தனியாக ஓர் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வாய். பல்லாவரம் வீட்டு விஷயத்தில் உன் தாத்தா செய்த மாதிரி. அவர் அப்படியே போய்ச் சேர்ந்தார். எனக்கு அந்தப் பயம் உண்டு. உன்மேல் தப்பு என்று இதை எழுதவில்லை. உன் கையில் ஒரு தப்பும் இல்லை, ஒயரை வெட்டியது நான். இதை மட்டும் இன்னொரு முறை படி.

நேற்று ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காலையில் காபி கொண்டுவந்து வைத்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

கறுப்பு ஒயரைச் சேர்த்தேன். தாமிரம் கழன்ற இரண்டு இடத்துக்கும் டிராக்கைச் சுரண்டி மெல்லிய ஜம்பர் ஒயர் போட்டேன். கம்ப்யூட்டரில் சொருகினால் நாலும் வேலை செய்கிறது. ஆனால் ஸ்பாஞ்சு போனதால் மேல் தகடு அடித்தகட்டில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, எப்போதும் அழுத்தினபடி. மாடி வீட்டுப் பெண் எட்டாவது படிக்கிறாள். பார்த்ததிலிருந்து தாத்தா எப்போ ரெடி ஆகும் என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறாள். கம்ப்யூட்டரில் இதை ஆடும் ஸ்டெப்மேனியா கேமை அவளே இறக்கி வைத்திருக்கிறாள், அது இன்னும் இலவசம்தான். இப்போதெல்லாம் தகடு வைப்பதில்லையாம். கட்டத்துக்கு அடியில் சென்சார் வைக்கிறார்கள், அழுத்தினால் ரெசிஸ்டன்ஸ் குறையும் ஜாதி. யூடியூபில் காட்டினாள். வெள்ளிக்கிழமை எலெக்ட்ரிக் டிரெயினில் போய், பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்தே போனேன். கட்டத்துக்கு இரண்டாக 8 சென்சார், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 4, ஒரு புரோ மைக்ரோ போர்டு வாங்கினேன். அர்டுயினோ ஊனோ எடுக்கப் போனேன், அது கம்ப்யூட்டருக்குத் தன்னைக் கீபோர்டு என்று காட்டிக்கொள்ளாது, இதை எடுங்கள் என்று கடைப் பையன்தான் சொன்னான். மேல் பலகைக்கு அக்ரிலிக் வேண்டாம், விரிசல் விடும், பாலிகார்பனேட் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

ஒயரிங் முடித்துவிடுவேன். 5 வோல்ட்டிலிருந்து சென்சார், சென்சாரிலிருந்து போர்டு, அந்த இடத்திலிருந்தே 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. இரண்டு சென்சாரையும் பேரலலில் போடுகிறேன். சரிதானே? எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. நீ ஸ்கூலில் எழுதுவாய். அழுத்தம் 0 முதல் 1023 வரை நம்பராக வருமாம், எத்தனைக்கு மேல் போனால் கால் வைத்ததாகக் கணக்கு என்று நாலு கட்டத்துக்கும் தனித்தனியாக மாற்றும்படி வேண்டும். அந்தப் பெண் முப்பது கிலோகூட இருக்கமாட்டாள். உன் எடைக்குச் செட் செய்தால் அவள் காலுக்கு வராது. கால் எடுக்கும் அளவு கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு மிதிக்கு இரண்டாகக் காட்டும். நேரம் இருக்கும்போது எழுதி அனுப்பு. அவசரமில்லை. பகலில் நேரம் இருந்தாலும் எழுதலாம்.

நேற்று உன் கணக்கில் 8,000 போட்டிருக்கிறேன். புரோகிராமுக்கு. வெளியாள் என்றால் கொடுக்க மாட்டேனா? திருப்பி அனுப்பாதே. மறுபடி வேண்டுமென்றாலும் சொல், அந்தப் பெண்ணின் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், வேலை இருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைக்கும்போது காணும் பொங்கலும் முடிந்திருக்கும். கம்பளி இருக்கிறதா என்று சொல். நேரத்துக்குச் சாப்பிடு. போர்டின் போட்டோவை மெசேஜில் அனுப்புகிறேன், போர்டின் எந்தப் பின்னில் எந்த ஒயர் என்று தெரியவேண்டும் அல்லவா. கறுப்பு ஒயரை இந்த முறை ஸ்லீவ் போடாமல் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா