பூட்டிய வீடுகளின் வீதியில் கத்தினால் யாருக்குக் கேட்கும்?

எங்கள் ஊர் நகரத்தார் சங்கத் தலைவர், செயலாளர் அவர்களுக்கும், சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் வீட்டுக்கார அண்ணன்மார், ஆச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நகரத்தார் வீட்டுப் பெண் இல்லை. ஆனால் உங்கள் வீதிகளில் நடந்துதான் வளர்ந்தேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் ஒரு ராத்திரி டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி நடந்திருக்கிறாள். பைக்கில் பின்னாலேயே வந்தவன் வீதி நடுவில் வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கையைப் பிடித்துவிட்டான். அவள் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "கத்துங்க, ஆள் வருவாங்க" என்று வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவள் நான்தான். ஆள் வரவில்லை. நம் ஊர் அமைப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு வீதியில் முகப்பு, அடுத்த வீதியில் பின்வாசல். அந்த வீதியில் ஒரு பக்கம் ஒன்பது முகப்புகள், அதில் ஏழு பூட்டு. எதிர்ப்பக்கம் முழுக்கப் பின்கட்டுச் சுவர். தன் சத்தம் சுவரில் பட்டுத் தன்னிடமே திரும்பி வந்தது என்றாள்.

கையை உருவிக்கொண்டு ஓடி, வீதிக் கோடியில் ஒரு காவல்கார அம்மா வீட்டுக்குள் புகுந்துவிட்டாள். தப்பித்தாள், சரி. ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. தற்காப்பில் பாதி உடம்பு என்றால், மீதி ஊர். அந்த மீதியைப் பற்றி நான் வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதலில் உடம்பைச் சொல்கிறேன். ஆண்டு விழாவில் வேலு நாச்சியார் வேஷம் போட்டு வாள் சுழற்றும் பிள்ளைக்கு, மணிக்கட்டை ஒருவன் பிடித்தால் என்ன செய்வது என்று தெரியாது. கராத்தேயில் கலர் கலராக பெல்ட் வாங்கியவளும் சில சமயம் விழிப்பாள். கற்றது தப்பு என்று சொல்லவில்லை. சிலம்பத்துக்கு நானே அடிமை. ஆனால் மேடையில் எதிராளி முறைப்படி வருகிறான். வீதியில் வருகிறவனுக்கு முறை ஏது? பயத்தில் உடம்பு மரத்துப்போய் நிற்பதும் இயற்கைதான். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. பல தடவை செய்து பழகிய கைக்குத்தான் அந்த நேரத்தில் தானாக வேலை செய்ய வாய்ப்பு உண்டு.

அவள் தப்பியதும் அப்படித்தான். பிடிக்கிற கையில் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் தனியாக மறுபக்கம். அந்தக் கட்டைவிரல் பக்கம்தான் பிடி இளகும். அந்த இடைவெளி நோக்கி மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை மடக்கி வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுத்த அடுத்த நொடி ஓட்டம். நின்று சண்டை போட்டு ஜெயிப்பதெல்லாம் சினிமாவுக்கு. கத்தி வைத்திருப்பவனிடம் பையைக் கொடுத்துவிட்டு ஓடு என்றுதான் சொல்லித் தருகிறேன். சங்கிலியும் அப்படித்தான். பைக்கில் வந்து இழுத்தால் விட்டுவிடுங்கள், பிடித்துத் தொங்கினால் தலை ரோட்டில் மோதும் என்றேன். தாலிச் சங்கிலியை விடச் சொன்னதற்காக ஓர் ஆச்சி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. "கல்யாணத் தாலியான கழுத்திரு லாக்கரில் பத்திரமாக இருக்கு ஆச்சி, கழுத்துக்கு லாக்கர் இல்லையே" என்றதும் சிரித்துவிட்டார்கள்.

இதெல்லாம் பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கனடாவில் மூன்று பல்கலைக்கழகங்களின் முதலாண்டு மாணவிகள் ஏறக்குறைய 900 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பேருக்கு 12 மணி நேரப் பயிற்சி, மற்றவர்களுக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஓராண்டில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் பிரசுரம் பெற்றவர்களில் 9.8 சதவீதம், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். அந்தப் பயிற்சியில் அடிதடி ஒரு பகுதிதான். தெரிந்தவன் எல்லை மீறும்போது எப்படி அடையாளம் காண்பது, தயங்காமல் எப்படி மறுப்பது என்பதற்கே நிறைய நேரம். நம் நாட்டிலும் இத்தகைய வழக்குகளில் பெரும்பாலும் குற்றவாளி தெரிந்த ஆள்தான். பைக்கில் வருகிறவனுக்கு மட்டும் பயந்தால் போதாது. இதை வீட்டில் பேச யாருக்கும் வாய் வருவதில்லை.

திருப்பி அடித்தால் நம் மேல் கேஸ் வருமோ என்ற பயமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. தன் உடம்பை மட்டுமல்ல, அடுத்தவர் உடம்பைக் காக்கவும் உரிமை உண்டு. தேவைக்கு மேல் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இனி ஊர். உங்கள் கல்யாணக் கொட்டகை வருஷத்தில் எத்தனை நாள் திறக்கிறது? திங்கள், வியாழன் மாலை இரண்டு மணி நேரம் எனக்குத் திறந்து கொடுங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், ஆச்சிமார் கோயிலுக்குப் போவார்கள். அவர்களும் வகுப்புக்கு வர வேண்டும். இரண்டு கட்டு வீட்டில் தனியாக இருப்பவர்கள் அடிபடாமல் விழப் பழகலாம், யார் தட்டினாலும் சங்கிலியை மாட்டிக்கொண்டே கதவைத் திறக்கப் பழகலாம். பையன்களும் வரட்டும். கட்டணம் கிடையாது, பெல்ட்டும் கிடையாது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்தால் இடுப்பு போய்விடும் என்பதால் பாய் நானே கொண்டுவருகிறேன்.

அப்புறம் விளக்கு. பூட்டிய வீடுகளின் முகப்பில் ஆளுக்கு ஒரு எல்.இ.டி. பல்பு, இருட்டினால் தானாக எரிகிற மாதிரி. பங்காளிகள் பதினாறு பேர் கையெழுத்துப் போட்டால்தான் கூரையில் ஓடு மாற்றவே முடியும் என்கிற வீடுகளை நான் அறிவேன். ஒரு பல்புக்காவது பஞ்சாயத்து வேண்டாமே. காவல்காரர்கள் எல்லோருக்கும் ஒரு விசில் வாங்கிக் கொடுங்கள். வீதியில் சத்தம் கேட்டால் கதவைத் திறந்து விசில் ஊதி, 112க்குப் போன் செய்வதும் உங்கள் வேலைதான் என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அன்றைக்கு அதே வீதியில் வீட்டுக்குள் இரண்டு காவல்காரர்கள் இருந்தார்கள். சத்தம் கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வருவீர்கள். அப்போது கூடும் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். முதல் நாள் ராத்திரி யாராவது ஒருவர் என்னோடு பஸ் நிறுத்தத்திலிருந்து அந்த வீதி வழியாக நடந்து வந்தால், ஐந்து நிமிஷமே போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் பி.டி. டீச்சர்