மகளுக்கு, டர்பனிலிருந்து

சாட்ஸ்வொர்த்,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் எழுதினால் பிள்ளைகள் கையில் போன் இருக்கும், யார் யார் படிப்பார்களோ தெரியாது. அதனால்தான் காகிதத்தில், தமிழில் எழுதுகிறேன். தாத்தா பலகையில் எழுதிக் காட்டிய எழுத்து இப்போது இந்தக் குடும்பத்தில் நம் இரண்டு பேருக்குத்தான் வாசிக்கத் தெரியும். மறந்திருக்க மாட்டாய். எழுத்துக் கூட்டியாவது மெதுவாகப் படி. தனியாக இருக்கும்போது படி.

தம்பி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். நேற்று பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போனேன். கீரையும் கத்தரிக்காயும் வாங்கினேன். விரதம் நடக்கிறது. நீ அங்கே ஜோகன்னஸ்பர்க்கில் புரட்டாசி பிடிக்கிறாயா என்று கேட்க நினைத்தேன், போனை வைத்துவிட்டாய்.

போன வாரம் பேசும்போது "பேங்க் வேலை எல்லாம் எந்த அளவில் இருக்கு" என்று மட்டும் கேட்டாய். சரி, அப்பா போன பிறகு இங்கே நடக்கிற அந்த வேலையையே முதலில் சொல்கிறேன்.

இறந்தவர்கள் சொத்தைப் பார்க்கிற ஹைகோர்ட் அதிகாரி, அந்த மாஸ்டர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்துவிட்டது. இனி நான்தான் எக்ஸிகியூட்டர், அப்பா சொத்துக் கணக்கை முடித்துப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. வீடு இருப்பதால் சொத்து 250,000 ரேண்டுக்கு மேல் போகிறது, அதனால் சின்னச் சொத்துக்குக் கொடுக்கும் சின்னக் கடிதம் போதாது, முழுக் கடிதமே வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இறந்த 14 நாளுக்குள் மாஸ்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. தம்பிதான் இறப்புச் சான்றிதழ் நகல்களை போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு ஓடினான். பதினைந்து நகல் எடுத்தோம். பதினைந்தும் தீர்ந்துவிட்டது. நீயும் எந்தக் காகிதமானாலும் நகல் எடுத்து வை.

இப்போது எஸ்டேட் பேரில், அதாவது அப்பா விட்டுப்போன சொத்தின் பேரில், தனியாக ஒரு கணக்குத் திறந்திருக்கிறது. அப்பாவுக்கு வரவேண்டியது எல்லாம் அதில் வரும், கொடுக்கவேண்டியது எல்லாம் அதிலிருந்து போகும். அரசாங்க கெஜட்டிலும் இங்குள்ள பேப்பரிலும் விளம்பரம் போட்டாயிற்று. யாருக்காவது அப்பா கடன் வைத்திருந்தால் 30 நாளுக்குள் எழுதிக் கேட்கலாம். அப்புறம் கணக்கு எழுதி மாஸ்டரிடம் கொடுக்க வேண்டும். அவர் சரி பார்த்த பிறகு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கும்படி 21 நாள் வைத்திருப்பார்களாம். அதற்குப் பிறகுதான் பங்கு. எக்ஸிகியூட்டருக்கு சொத்து மதிப்பில் மூன்றரை சதவீதம் வரை கூலி உண்டு. எனக்கு எதற்கு அது? வக்கீலுக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

நடுவில் ஒரு மாதம் எப்படி இருந்தது என்று உன்னிடம் சொல்லவில்லை. அப்பா கணக்கை நிறுத்துவார்கள் என்று தெரியும். என் கணக்கையும் நிறுத்தினார்கள். தையல் ஃபேக்டரியில் 31 வருஷம் மெஷினில் குனிந்து சேர்த்த பணம். கவுண்டரில் இருந்த பெண் உன் வயதுதான் இருப்பாள், "ஆன்டி, நீங்கள் இன் கம்யூனிட்டியில் கல்யாணம் செய்தவர்கள்" என்றாள். இருவர் சொத்தும் ஒரே சொத்து, இருவர் கடனும் ஒரே கடன். ஒருவர் போனால் இரண்டு பெட்டியும் பூட்டப்படும். எங்களுக்குக் கோயிலில் தாலி கட்டிய அன்றே ரிஜிஸ்டரிலும் கையெழுத்து வாங்கினார்கள். வேறு பத்திரம் எதுவும் எழுதவில்லை என்றால் இந்த நாட்டில் தானாகவே அப்படித்தான். பத்திரம் எழுதுவதானால் கல்யாணத்துக்கு முன்பே நோட்டரி முன்னால் எழுதியிருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்கு ரிஜிஸ்டரும் கிடையாது, தாலி மட்டும்தான். அவள் இதைக் கேட்டுவிட்டு "அப்ப என் கதி?" என்று பயந்தாள். உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், இந்து முறைப்படி மட்டும் கல்யாணம் ஆனவளும் வாரிசு மனைவிதான் என்று 2008இல் நம் டர்பன் ஹைகோர்ட்டே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று வக்கீல் சொன்னார். அவள் அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நோட்டரியிடம் போனீர்களா? எனக்கு ஞாபகமில்லை. மண்டபம், சமையல், மழை, இதுதான் ஞாபகம். போயிருந்தால் நல்லது. போகவில்லை என்றாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. பிறகும் இருவரும் சேர்ந்து ஹைகோர்ட்டில் கேட்டு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறதாம். கேட்டு வை. சும்மா கேட்டு வை.

ஒரு தப்புச் செய்தேன், நீ கேட்டு வைத்துக்கொள். அப்பாவை எரித்த மறுநாள் அவர் கார்டை எடுத்துக்கொண்டுபோய் 3,500 ரேண்ட் எடுத்துவிட்டேன். வீட்டில் நாற்பது பேர், சமையலுக்கு வேண்டுமே. கார்டு நம்பர் எனக்குத் தெரியும், நம் வீட்டு நம்பர்தான். மாஸ்டரின் கடிதம் வருமுன் இறந்தவர் பணத்தை மனைவிகூடத் தன் இஷ்டத்துக்குத் தொடக்கூடாது என்று வக்கீல் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. ரசீதுகளைத் தேடி எடுத்துச் சாவுச் செலவு என்று கணக்கில் காட்டியிருக்கிறோம். சாவு பாலிசிப் பணம் என் பேரில் எழுதியிருந்ததால் அது நேராக என்னிடம் வந்தது. அதில்தான் பிழைத்தோம். பாலிசியில் யார் பேர் எழுதியிருக்கிறது என்று நீயும் பார்.

கடன் கேட்டுப் போன் வருகிறது. முதலில் எல்லாரிடமும் "கொடுத்துவிடுகிறேன், கொடுத்துவிடுகிறேன்" என்று அழுதேன். இப்போது "எழுதி அனுப்புங்கள், பத்திரத்தோடு" என்று மட்டும் சொல்கிறேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடவே இல்லை. சோபா வாங்கிய கடையில் மாதா மாதம் இன்ஷூரன்ஸ் பிடித்திருக்கிறார்கள். பழைய ரசீதில் தம்பி கண்டுபிடித்தான். பாக்கி முழுவதும் அதில் தீர்ந்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் நாம் கட்டிக்கொண்டே இருந்திருப்போம். அப்பா ஒவ்வொரு ரசீதையும் தேதி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார், பாப்பா. மில்லில் 38 வருஷம் ஒரு நாள் லேட் ஆகாத மனுஷன். வக்கீலே சொன்னார், இப்படி ஃபைல் வைத்த வீடு அபூர்வம் என்று.

அந்தப் பத்திரங்களைத் தேடும்போதுதான் ஒன்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் இன்னொன்று.

பதினாறாம் நாள் காலையில், நீ வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாய். மாப்பிள்ளை சமையலறை மேசையில் ஏதோ காகிதம் வைத்தார், இரண்டாவது லாரிக்கு என்று சொன்னார். நீ மாவுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாய். முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. நான் அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டேன். மாப்பிள்ளையை நான் ஒன்றும் சொல்லவில்லை. நல்லவர். உழைக்கிறார். அப்பாவைத் தோளில் சுமந்தவர். உன் அப்பாவும் நல்லவர்தான். நல்லவர் கெட்டவர் என்ற பேச்சே இது இல்லை. நீ டிகிரி படித்தவள், நம் குடும்பத்தில் முதல் பெண். படிக்காமல் கையெழுத்துப் போடலாமா? எந்தக் காகிதமானாலும் படி. ஒரு நாள் ஆகட்டும், லாரி எங்கேயும் ஓடிவிடாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே மேசையில் நானும் போட்டிருக்கிறேன்.

வீட்டின் மேல் 220,000 ரேண்ட் கடன் வாங்கியிருக்கிறது என்று பேங்க்காரர்கள் சொன்ன அன்று நான் எப்படிக் கத்தினேன் என்று உனக்குத் தெரியும். பதினாறாம் நாள் இரவு, சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும்போது, "சித்தப்பா டயர் கடைக்காக வீட்டை வைத்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மறைத்துவிட்டார்" என்றேன். நீ அப்பா படத்தைப் பார்க்காமலே காரில் ஏறினாய். அதற்குப் பிறகு நாலு மாதமாக உன் வாயில் அப்பா என்ற சொல் வரவில்லை. ஆடியில் அவர் பிறந்தநாள் வந்தது, போனது. நீ கூப்பிடவில்லை.

நீல ஃபைலில் அந்தப் பத்திரம் இருக்கிறது. 2017. என் கையெழுத்து அதில் இருக்கிறது, இரண்டு சாட்சியோடு. இன் கம்யூனிட்டியில் இருப்பவர் வீட்டை அடமானம் வைத்தால் பெண்டாட்டி எழுத்தில் சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கிறேன்.

மறந்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அது பொய். முழுவதும் மறக்கவில்லை. தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வந்து, "இதைப் படித்துப் பார், தம்பி கடைக்கு. உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்" என்றார். நான்தான், "நீங்கள் படித்தால் போதாதா, எண்ணெய் காய்கிறது" என்றேன். அவர் நின்றார், பாப்பா. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் பேனாவைக் கொடுத்தார்.

பேங்க் சொன்ன அன்று எனக்கு இது ஞாபகம் வந்தது. வந்தும் மறைத்துவிட்டார் என்றுதான் சொன்னேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவ்வளவு கடனில் வீட்டை விட்ட பெண்பிள்ளையா என்று நினைப்பார்களே என்று வெட்கம். திரும்பிப் பேச முடியாதவர் மேல் போட்டேன். நீ நம்பிவிட்டாய். அம்மா சொன்னால் நம்பத்தானே செய்வாய். தம்பியிடம் சொல்லிவிட்டேன். சித்தப்பாவிடமும் சொல்லிவிட்டேன், அவர் அழுதார். அவர் 15,000 கட்டியிருக்கிறார், இன்னும் கட்டுவதாகச் சொல்கிறார். அப்பா சாகும்வரை ஒரு மாதமும் தவறவில்லை. பாக்கி 163,000தான். வீடு போகாது. மில் பென்ஷன் ஃபண்டிலிருந்து பணம் வந்தால் கட்டிவிடலாம்.

உன்னிடம் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. என் மேல் கோபப்படு. எத்தனை நாள் வேண்டுமானாலும் படு. அவர் படத்துக்கு ஒரு விளக்கு ஏற்று.

பென்ஷன் ஃபண்ட் விஷயம் ஒன்று பாக்கி. அந்தப் பணம் உயில்படி போகாது, எஸ்டேட்டிலும் சேராது. யார் யார் அப்பாவை நம்பி இருந்தார்கள் என்று ஃபண்ட் டிரஸ்டிகள் விசாரித்துத்தான் பிரிப்பார்கள், 12 மாதம்கூட ஆகலாம். பிள்ளைகள் எல்லாரும் ஒரு படிவம் எழுதித் தர வேண்டும். உன்னுடையதை இதோடு வைத்திருக்கிறேன். நாலு பக்கம். நீ அப்பாவிடம் மாதாமாதம் பணம் வாங்கினாயா இல்லையா என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளதை எழுது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எனக்குச் சரியாக விளங்கவில்லை, பென்சிலில் கோடு போட்டிருக்கிறேன். அதை வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், அதுவரை பொறு. அம்மா அனுப்பியதுதானே என்று படிக்காமல் போட்டுவிடாதே.

தீபாவளிக்கு வருவதானால் முன்னாலேயே சொல். முறுக்குக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா