கோட்டைவாசல் ஏற்றத்தில் கொதித்த காரும் கைகொடுத்த மனிதர்களும்

செங்கோட்டை

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் காருக்குப் புது தெர்மோஸ்டாட்டை, அதாவது இன்ஜின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வை, வீட்டு வாசலிலேயே மாட்டி முடித்தாயிற்று. ஸ்பானர் பிடித்தது நான்தான் என்றாலும், மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பலர் துணை இல்லாமல் நடந்திருக்காது. போன் போட்டுச் சொன்னால் "இதுக்கெல்லாமா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதியே விடுகிறேன்.

முதலில் டீக்கடைச் சேட்டன். அக்காவைக் கேரளத்துப் புனலூரில் கொடுத்திருக்கிறது. 1956இல் செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் நின்றுவிடவில்லையே, அதனால் புளியரை எஸ் வளைவு எங்களுக்குப் பழக்கப்பட்ட பாதைதான். அன்று ஐயப்ப சீசன் நெரிசல். லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்ந்து கோட்டைவாசல் வருவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரங்கட்டினேன். என் வீட்டுக்காரர் இறங்கி பானெட்டைத் தூக்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். "துறக்கல்லே, துறக்கல்லே!" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தார் சேட்டன். அழுத்தத்தில் அடைபட்டிருப்பதால்தான் அந்தத் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காமல் கிடக்கும். மூடி நெகிழ்ந்தால் ஆவியாகப் பீறிட்டு நேரே முகத்துக்குத்தான் வரும். இன்ஜின் ஆறும்வரை எங்களை உட்காரவைத்துக் கட்டஞ்சாயா கொடுத்தார், காசும் வாங்கவில்லை. பிறகு தண்ணீர் ஊற்றி, மெல்ல இறக்கத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

அடுத்து, அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு அண்ணாச்சி. ஃபேன் சுற்றவில்லை, மோட்டார் போய்விட்டது என்று நாங்கள் முடிவே கட்டியிருந்தோம். அவர் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். இன்ஜின் தகிக்கிறது, ரேடியேட்டரோ பச்சைத் தண்ணீராகக் கிடக்கிறது. "ஃபேன் மேல பழி போடாதம்மா. சுவிட்சு ரேடியேட்டர்ல இருக்கு. சூட்டுத் தண்ணி அங்க வந்தாத்தான அது சுத்தும்? வழியில வால்வு அடச்சிக் கிடக்கு." ஃபேன் மோட்டார் செலவு மிச்சம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொன்னவர்களும் உண்டு. நம் வெயிலுக்கு அது எதற்கு என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் அக்கறைக்கும் நன்றி, யோசனையைத்தான் ஏற்க முடியவில்லை. அது இல்லாத இன்ஜின் சூடேற வெகுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில இன்ஜின்களில் வால்வை எடுத்துவிட்டால், சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸ் என்கிற குறுக்கு வழியாக இன்ஜினுக்கே திரும்பிவிடும். மலை ஏறும்போது பழைய கதைதான்.

தென்காசி ஸ்பேர் பார்ட்ஸ் கடைத் தம்பிக்குத் தனி நன்றி. அளவு ஒத்துவந்தால் போதும் என்று எதையோ தள்ளிவிடாமல், பழையதை வாங்கி விளிம்பில் பொறித்திருந்த 82 என்ற எண்ணை, அதாவது வால்வு திறக்கத் தொடங்கும் டிகிரியை, துடைத்துப் பார்த்து, அதே எண்ணில் எடுத்துத் தந்தார். கசியாமல் இருக்க இடையில் வைக்கும் கேஸ்கெட்டையும் மறக்காமல் வைத்தார்.

மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்த்த அந்தச் சாயங்காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும். எதிர்வீட்டு வேதியியல் டீச்சர் தன் டியூஷனுக்கு வைத்திருந்த தெர்மாமீட்டரோடு வந்தார். புது வால்வின் வாயில் நூலைக் கடிக்கக் கொடுத்து, பாத்திரத்துத் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். உள்ளே சின்னக் குப்பியில் இருக்கும் மெழுகு உருகி விரிந்து சின்னக் கம்பியைத் தள்ளுவதால்தான் வால்வு திறக்கிறது என்று டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். எண்பதைத் தாண்டிய கொஞ்சத்தில் வாய் விட்டது. நூல் நழுவி, வால்வு ணங்கென்று அடியில் விழுந்தது. பழையதையும் போட்டோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் அது நூலை விடவே இல்லை.

மறுநாள் விடியலில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போதே வேலை. இரண்டே போல்ட். துருப்பிடித்த ஒன்று மட்டும் அண்ணாச்சியின் சாக்கெட்டுக்குத்தான் மசிந்தது. அலுமினியத்தில் கீறல் விழாமல் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டியது என் மகள், பிளாஸ்டிக் ஸ்கேலால். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினுக்குள், காற்றுப் போகும் குட்டித் துளை மேலே, போல்ட்டுகளை மாற்றி மாற்றி முறுக்கு என்று அண்ணாச்சி திண்ணையில் இருந்தே சொன்னார். கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. மூடியைத் திறந்தே வைத்து ஓடவிட்டதில் காற்றுக் குமிழ்கள் வந்து அடங்கின. மேல் ஹோஸ் சுட்டது, ஃபேன் சுற்றி நின்றது. திண்ணையில் கைதட்டல்!

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையில் ஊற்றப்போனபோது தடுத்த பக்கத்து வீட்டு அத்தைக்கும் நன்றி. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அத்தனையும் விஷம். கேனில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிட்டோம்.

அதன்பின் புனலூர் போய்வந்தாயிற்று, ஏற்றத்தில் ஊசி நடுவிலேயே நின்றது. சேட்டன் கடை அன்று பூட்டியிருந்தது, அல்வாப் பொட்டலம் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை கட்டாயம் தருவோம். மடலில் யார் பேராவது விட்டுப்போயிருந்தால் நேரே வீட்டுக்கு வந்து சண்டை போடலாம், காபி உண்டு.