உப்புக்காற்றில் நிற்கும் தலைவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலோரத்தில் நிற்கும் தலைவர் சிலைகளைப் பராமரிப்பது பற்றிச் சில வார்த்தைகள். வாஷிங்டனில் பிரிட்டிஷ் தூதரக வாசலில் நிற்கும் சர்ச்சில் சிலை 1966-இல் வைத்தது. ஒரு கால் தூதரக நிலத்தில், மறுகால் அமெரிக்க மண்ணில். அதே சாலையில் இந்தியத் தூதரகத்துக்கு எதிரே 2000-இல் வந்த காந்தி சிலை. இரண்டும் வெண்கலம். அங்கே கடற்காற்று இல்லை.

பாம்பன், மண்டபம் பக்கம் கதை வேறு. படியும் உப்பு ஈரத்தை இழுத்து, வெண்கலத்தில் வெளிர்பச்சைப் பொடியாகக் குழி பறிக்கிறது. சீராகப் படர்ந்த கரும்பச்சைப் படலம் கெடுதலில்லை, அதைச் சுரண்ட வேண்டாம். தலைவரின் பிறந்தநாளுக்கு முதல் நாள் புளி, கம்பி பிரஷ் கொண்டு தேய்த்துத் தங்க பெயின்ட் அடிப்பதுதான் கேடு. உப்பு அடியில் சிக்கிக்கொள்ளும். வாரக்கணக்கில் கழற்றாத மாலையும் அப்படியே, கழுத்தில் ஈரம் தங்கும்.

மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில், மென்மையான சோப்புக் கரைசலால் கழுவினால் போதும். உவர்ப்பான போர்வெல் தண்ணீர் ஆகாது. முழுக்கக் காய்ந்தபின் ஆண்டுக்கு இருமுறை மெல்லிய மெழுகுப் பூச்சு. ஒன்று வடகிழக்குப் பருவமழைக்கு முன். சிலையடியில் நீர் வடியும் துளையைச் சிமென்டால் அடைக்கக் கூடாது.

உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பீடம்தான் முதலில் வெடிக்கிறது. கம்பியை மூடி 50 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் விடுங்கள். போல்ட் உப்பைத் தாங்கும் 316 ரக எவர்சில்வராக இருக்கட்டும். கடல் மணல் வேண்டவே வேண்டாம்.

இங்ஙனம்,
வார்ப்புச் சிலை வேலை செய்வோர் சிலர்,
மண்டபம்.