கண்ணெதிரே இருந்ததும் கேட்காமல் விட்ட கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுவாழ்வில் பகுத்தறிவு செத்துவிட்டது என்ற வருத்தம் தங்கள் வாசகர் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. மக்கள் யோசிப்பதை விட்டுவிடவில்லை என்பதே என் எண்ணம். கையில் வந்து சேர்ந்ததை வைத்து ஒரே பக்கமாக யோசிக்கிறார்கள். கொடுமை அங்கேதான் தொடங்குகிறது.

2018 மே மாதம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் அது. உடன் வந்த 65 வயது அம்மா அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று சந்தேகித்துக் கூட்டம் அடித்ததில் அவர் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் மனநலம் பாதித்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

அத்திமூரில் கூடியவர்களிடம் அவர்கள் அளவில் காரணம் இருந்தது. பிள்ளை கடத்தும் கும்பல் வந்திறங்கிவிட்டது என்று அந்த வட்டாரம் முழுக்க வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் சுற்றிக்கொண்டிருந்தன. வெளியூர் கார், தெரியாத முகம், கையில் சாக்லேட் என்று எல்லாம் கேள்விப்பட்டதோடு பொருந்திப்போனது. கேட்காமல் விட்டது ஒரு கேள்வியைத்தான்: 'இவர்கள் உண்மையிலேயே கோயிலுக்கு வந்த குடும்பமாக இருந்தால் நாம் எதைப் பார்த்திருப்போம்?' வயதானவர்களோடு ஒரு குடும்பம் வந்திருக்கும், எந்தக் கோயில் என்று சொல்லும், குழந்தைகளைப் பார்த்தால் மிட்டாய் கொடுக்கும். கண்ணெதிரே இருந்ததும் அதுவேதான். இரண்டு விளக்கத்துக்கும் பொருந்துகிற ஒன்று எதற்கும் சான்றாகாது. காரைச் சுற்றி நின்றபடியே காவல் நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் அந்த அம்மா பிழைத்திருப்பார்.

அப்போது நாடு முழுக்கச் சுற்றிய வீடியோ ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பைக்கில் வரும் இருவர் ஒரு சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். பரவிய வீடியோ அத்தோடு முடிந்துவிடும். முழுப் படத்தில் அந்த இருவரும் திரும்பி வந்து சிறுவனை இறக்கிவிட்டு, குழந்தைகள் பாதுகாப்பு பற்றிய வாசகத்தை விரித்துக் காட்டுவார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம் அது. கடைசிச் சில நொடிகளை வெட்டியதும் அறிவுரை ஆதாரமாகிவிட்டது. இன்னொரு படத்தில் குழந்தைகளின் உடல்கள் வரிசையாகக் கிடந்தன. அது 2013இல் சிரியாவின் கூட்டாவில் நடந்த விஷவாயுத் தாக்குதலின்போது எடுத்தது.

இதையெல்லாம் சாதாரண போனிலேயே கண்டுபிடித்துவிடலாம். வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போட வேண்டும். பலர் தவறுவது எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான். பிள்ளையைத் தூக்கும் நொடியில் நிறுத்தினால் படம் கலங்கியிருக்கும், ஒன்றும் கிடைக்காது. கடைப் பலகை, வண்டி எண், சுவரெழுத்து, சீருடை இவற்றில் ஏதாவது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மேலே ஒட்டியிருக்கும் தமிழ் எழுத்தை வெட்டிவிட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் தேடல் அந்த எழுத்தின் பின்னால் போய்விடும். மூன்று நான்கு இடங்களில் எடுத்துப் பாருங்கள். வருகிற முடிவுகளில் மிகப் பழைய தேதி எது என்பதே முக்கியம். நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் போன வருடமே வந்திருந்தால் விஷயம் முடிந்தது. தேடியும் எதுவும் வரவில்லை என்றால் படம் உண்மை என்று ஆகிவிடாது. இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள்.

ஆடியோவை இப்படித் தேட முடியாது. அதனால்தான் அது அதிக ஆபத்தானது. அதற்கு நான்கு கேள்விகள் போதும்: எந்தத் தேதி, எந்த ஊர், எந்தக் காவல் நிலையம், எஃப்.ஐ.ஆர். எண் என்ன? குழந்தை காணவில்லை என்று புகார் வந்தால் வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. ஊருக்கு ஊர் பிள்ளைகளைத் தூக்குகிறார்கள் என்றால் நிலையத்துக்கு நிலையம் வழக்குப் பதிவு இருக்க வேண்டும். 'பக்கத்து ஊரில்', 'நேற்று ராத்திரி', 'என் நண்பரின் தங்கை வீட்டில்' என்று மட்டும் வந்தால் அதை அங்கேயே நிறுத்துங்கள். உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் அவசர உதவி எண் 112க்கோ குழந்தைகள் உதவி எண் 1098க்கோ சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடிகிறது. ஆனால் எழுத்தை நகலெடுத்து ஒட்டினாலோ ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பினாலோ அம்புக்குறி மறைந்துவிடும். அது இல்லை என்பதற்காகச் சொந்தச் செய்தி என்று நம்பிவிடாதீர்கள்.

இதே தவறு நம் மாநிலத்துக்கு எதிராகவும் திரும்பியது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பரவின. ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த சண்டை என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு விளக்கினார். ரயில் நிலையக் கூட்டத்தையும் பலர் ஆதாரமாகக் காட்டினார்கள். அது ஹோலி வாரம். ஊருக்குப் போகும் கூட்டம் ஆண்டுதோறும் உண்டு. போன வருடம் அதே வாரத்தில் எவ்வளவு கூட்டம் என்று தெரியாமல் இந்த வருடக் கூட்டத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

குடும்பக் குழுவில் பொய்யைக் கண்டவர்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. அனுப்பியவர் பெரியப்பாவாகவோ சித்தியாகவோ இருப்பார். முதலில் தனியாகச் சொல்லுங்கள், அழிக்க அவருக்கு வாய்ப்புக் கொடுங்கள். அனைவருக்கும் அழிக்கும் வசதி சுமார் இரண்டரை நாள் வரை இருக்கும். குழு அட்மினாலும் அழிக்க முடியும். பிறகு குழுவில் உண்மையை ஒரே வரியில், மூலப்படத்தின் இணைப்போடு போடுங்கள். பொய்ப் படத்தைத் திரும்பப் போடவே வேண்டாம். போட்டாக வேண்டுமென்றால் படத்தின் நடுவே 'பொய்' என்று பெரிதாக எழுதுங்கள். உங்கள் விளக்கத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து அனுப்புபவர்கள் இருக்கிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வதந்திக்கு மறுப்பு வெளியிடும்போது 'இது பொய்' என்பதோடு நிறுத்தாமல், மூலப்படம் எங்கே, எப்போது எடுத்தது, எந்த அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். அடுத்த வதந்தி வரும்போது வாசகர் தாமே அப்படித் தேடிப் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவண்ணாமலை மாவட்டம்.