வடிவமைப்புக் கோப்புகளை அச்சுக்கு அனுப்பவும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வரைகலை வடிவமைப்பாளராகவோ ஓவியராகவோ தொழிலுக்கு வரும் இளைஞர்கள் நன்றாக வரைகிறார்கள். மென்பொருளும் கைவந்திருக்கிறது. வரைந்ததை அச்சகத்துக்குக் கொடுக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பயிற்சி வகுப்புகள் இதற்கு இன்னும் நேரம் ஒதுக்க வேண்டும்.

முதல் சிக்கல் படத்தின் அளவு. திரையில் பளிச்சென்று தெரியும் 1,200 பிக்சல் அகலப் படத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அச்சிட்டால் ஏறக்குறைய 10 செ.மீ.தான் வரும். அதையே 20 செ.மீ.க்கு இழுத்தால் 150 டிபிஐ ஆகிவிடும், முகமெல்லாம் மங்கிப்போகும். மையால் வரைந்த கோட்டோவியத்துக்கு 300-ம் போதாது. 1,200 டிபிஐ-யில், சாம்பல் நிறம் கலக்காத வெறும் கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்ய வேண்டும். இல்லையென்றால் கோட்டின் ஓரம் புள்ளி புள்ளியாக உடையும்.

அடுத்தது கறுப்பு. பலரும் ஏமாறும் இடம் இது. திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறமுறையில் செய்த பக்கத்தை அப்படியே அச்சுக்கான சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) முறைக்கு மாற்றினால் கறுப்பு எழுத்து நான்கு மைகளின் கலவையாகிவிடும். அச்சில் ஒரு மையின் பிளேட் (அச்சுத்தகடு) கொஞ்சம் விலகினாலும் சின்ன எழுத்தைச் சுற்றி நீலமோ சிவப்போ நிழலாடும். அதனால் உரை எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100 சதவீதம், மற்ற மூன்றும் பூஜ்யம். பெரிய கறுப்புப் பரப்புக்கு மற்ற மைகளைச் சேர்க்கலாம். ஆனால் நான்கின் கூட்டுத்தொகை பளபளப்புத் தாளில் 300 சதவீதத்தையும், செய்தித்தாளில் 240-ஐயும் தாண்டாமல் இருப்பது நல்லது. தாண்டினால் மை காயாது, மேலே அடுக்கும் தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரிண்ட் (கீழே உள்ள நிறத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு) போட்டிருந்தால் திரையில் தெரிகிற எழுத்து அச்சில் காணாமலே போய்விடும். ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தை ஒரு தடவை திறந்து பார்த்தால் பிடித்துவிடலாம்.

வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை தெரியாதபடி படத்தை நீட்டி விடும் ஓரம்) விடுவதை எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். எழுத்தை உள்ளே 5 மி.மீ. தள்ளி வைக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். தமிழ் எழுத்துருவைக் கோப்போடு சேர்க்காமல் அனுப்பினால் ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். எழுத்தை எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புவது பாதுகாப்பு. அப்படி மாற்றிய பின் பிழைதிருத்த முடியாது, ஆகவே மெய்ப்பு பார்த்து முடித்த பிறகே மாற்ற வேண்டும். மாற்றாத கோப்பையும் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் பற்றியும் ஒன்று. சிறு வரைவு, பென்சில் வரைவு, வண்ணம் என மூன்று கட்டங்களிலும் வாடிக்கையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். வண்ணம் முடிந்த பின் “ஆளைத் திருப்பி உட்கார வையுங்கள்” என்றால் படத்தையே புதிதாக வரைய வேண்டியிருக்கும். அந்தத் திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். படத்தை எதில், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம், மூலக்கோப்பும் கொடுக்கப்படுமா என்பதும் அதே தாளில் வர வேண்டும்.

ஒவ்வொரு மாணவரும் படிப்பு முடிவதற்குள் ஒரு வேலையையாவது நிஜ அச்சில் ஏற்றி, மெய்ப்புத்தாளைத் திரையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பயிற்சி நிலையங்கள் இதைத் தேர்விலேயே சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அச்சு வடிவமைப்புத் துறையினர் சிலர்